ஈரக் கைக்கு முழுப் புள்ளி

முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றுவிட்டேன். லிட்கம் புகையிரத நிலையத்தில் எதிர்ப்பட்ட ஓர் அன்ரியிடம் அம்மா அப்படித்தான் சொன்னார்: "பிள்ளை றிற்றயர் ஆயிட்டா." அந்த அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏன், சுகமில்லையோ?" என்று கேட்டார்.

சுகத்துக்கு ஒரு குறையும் இல்லை. சிட்னியின் மேற்குப் பகுதியில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனையில், மருத்துவர்களும் தாதியரும் நோயாளியின் படுக்கையருகே கையில் வைத்துப் பாவிக்கும் டேப்லெட்களைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. பத்து வருடம் அதைச் செய்தேன். இனிமேல் பல மருத்துவமனைகளுக்கும் சேர்த்து ஓரிடத்திலிருந்தே தேர்ந்து அனுப்புவது என்று முடிவாயிற்று. எங்கள் சிறிய பிரிவை மூடினார்கள். வேறு பிரிவுக்கு வரச் சொன்னார்கள்; நான் விலகிக்கொண்டேன்.

விலக இரண்டு வாரம் இருக்கையில், என்னோடு வேலை செய்த ஷாலினி ஒரு பழைய தாளோடு வந்து நின்றாள். இங்கே பிறந்த பொறியியலாளர். பேசுவதெல்லாம் ஆங்கிலம், "அக்கா" என்ற ஒரு சொல் மட்டும் தமிழ். புதிய அலுவலகத்துக்கு ஒப்படைப்பதற்காகக் கோப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்தது, ஏழு வருடத்துக்கு முன் நான் போட்ட தெரிவுப் பட்டியல். நாற்பத்தாறு வரிகள். எடை, மின்கலம், விழுந்தால் உடையுமா, வெளிச்சத்தில் தெரியுமா என்று ஒவ்வொரு வரிக்கும் ஐந்துக்கு இத்தனை புள்ளி.

"எல்லாம் விளங்குகிறது, அக்கா. பதினேழாவது வரியில் மட்டும் ஐந்தை வெட்டிவிட்டு ஏன் பூச்சியம் போட்டிருக்கிறீர்கள்? பக்கத்தில் ‘ஒன்பதோடு சேர்த்துப் பார்’ என்று எழுதியிருக்கிறது. அது உங்கள் கையெழுத்து இல்லையே?"

அவளுக்கு அன்று பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மருத்துவப் பொறியியல் நான்கு வருடம். பிறகு ஒரு வருடம் மருத்துவமனையின் நிலக்கீழ்த் தளத்தில், மருந்தேற்றும் பம்புகளைச் சோதித்து, சரியென்றால் பச்சை ஒட்டுத்தாள் ஒட்டும் வேலை. எதையும் அளந்துவிடலாம் என்ற நம்பிக்கை அங்கேதான் எனக்கு வந்தது. அளந்ததை வரிசையாக எழுதிவிட்டால் முடிவு தானாகவே வரும் என்றும் நம்பினேன். அதன்பின் மேலே, ரூத்தின் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

ரூத்துக்கு அப்போது நாற்பது தாண்டியிருக்கும். பல வருடம் அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் தாதியாக இருந்தவர். அங்கே பழகியதோ என்னவோ, கூட்டங்களில் கதிரையில் அமர மாட்டார். கைகளை முன்னால் கோத்துக்கொண்டு சுவரோரம் நிற்பார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாராவது "உங்கள் சாதனம் வேலை செய்யவில்லை" என்று முறையிட்டால், மன்னிப்பும் கேட்க மாட்டார், மறுக்கவும் மாட்டார். மூன்று கேள்வி கேட்பார்.

"யாருடைய கை? எந்தக் கை? அந்தக் கையில் வேறென்ன இருந்தது?"

முதலில் எனக்கு இது வெறும் பழக்கமாகத்தான் பட்டது. சேர்ந்த இரண்டாம் மாதம், உடற்பயிற்சி சிகிச்சையாளர் ஒருவர் கோபமாக வந்தார். டேப்லெட் தானாகவே அணைந்துபோகிறது, மூன்றாவது தடவை மாற்றியாயிற்று, இது மட்டமான சரக்கு என்றார். நான் மின்கலத்தின் பதிவுகளைத் தேடத் தொடங்கினேன். ரூத் அவரிடம் தன் மூன்று கேள்விகளைக் கேட்டார்.

"என் கை. ஆனால் கையில் இல்லை. நோயாளியை நடக்கவைக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும்."

"அப்போது டேப்லெட் எங்கே?"

அவர் கொஞ்சம் வெட்கத்தோடு இடது கமக்கட்டுக்குள், கைக்கும் விலாவுக்கும் நடுவில், வைத்துக் காட்டினார். அணைக்கும் பொத்தான் சரியாக அவருடைய விலாவில் அழுந்தியது. திரை இருண்டது. ரூத் சிரிக்கவில்லை. "நன்றி, இது நல்ல தகவல்" என்று சொல்லித் தன் சிறிய குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். சிகிச்சையாளர் போன பிறகு என்னிடம், "உன் பட்டியலில் கமக்கட்டு இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கவில்லை. அன்று மாலையே ஒரு வரி சேர்த்தேன்.

எடைக்கும் அப்படித்தான். நான் எல்லாச் சாதனங்களையும் தராசில் வைத்து, கிராம் கணக்கில் எழுதிக்கொண்டு போனேன். ரூத் தாளைப் பார்த்துவிட்டு, மிகவும் கனமானதை என் கையில் தந்து, "நாளைக்கு இதை ஒரு முழு ஷிஃப்ட் சுமந்துவிட்டு வா. கீழே வைக்க நேர்ந்தால் எங்கே வைத்தாய் என்று எழுது" என்றார். காலை ஏழு மணிக்குத் தொடங்கினேன். பதினொரு மணிக்கெல்லாம் மணிக்கட்டு வலித்தது. கீழே வைத்த இடங்கள் இருபத்திரண்டு. அதில் பதினான்கு, நோயாளியின் கட்டிலில், காலடியில். தராசு எனக்கு இதைச் சொல்லியிருக்காது.

இப்படியொருவரிடம் வேலை செய்த மூன்றாம் வருடம்தான், அந்தப் பட்டியலுக்கு உரிய தெரிவு வந்தது. மருந்துப் பதிவுகள் காகிதத்திலிருந்து திரைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். மூன்று டேப்லெட்கள் இறுதிவரை வந்தன. நாங்கள் அவற்றை ஏ, பி, சி என்றே அழைத்தோம். முதியோர் மருத்துவ வார்ட்டில் ஆறு வாரம் பரீட்சார்த்தமாகப் பாவிப்பது. பிறகு தெரிவுக்குழு ஒன்றைத் தேர்ந்து முழு மருத்துவமனைக்கும் வாங்கும். ரூத் அந்தப் பொறுப்பை முதன்முறையாக முழுவதுமாக என்னிடம் விட்டார்.

சாதனங்களைக் கொடுக்க வார்ட்டுக்குப் போன முதல் நாள்தான் ஜெபாவைச் சந்தித்தேன். ஜெபமலர் என்பது முழுப்பெயர். நாகர்கோவில்காரி. தாதியாக மருத்துவமனையே விசா கொடுத்துக் கூப்பிட்ட ஒருவர். வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. என் கழுத்தட்டையில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, "மயூரி... மேடம், தமிழா?" என்று கேட்டார்.

"ஓம்."

"எந்த ஊரு?"

"அம்மா அப்பா யாழ்ப்பாணம். நான் சின்னனிலை வந்தனான்."

"அங்க பேச்சு நல்லா இருக்கு, என்ன?"

"ஓம்."

"மேடம், நான் வேதக்காரியாக்கும், சர்ச்சுக்குப் போறவ. என்னப் பாத்து இப்படி ஓம் ஓம்னு மந்திரம் சொல்லிட்டே இருந்தா நான் என்ன செய்ய?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து வார்ட்டில் நான் நுழைந்தாலே, "ஓம் மேடம் வந்தாச்சு" என்பார்.

பரீட்சார்த்தத்தில் எனக்கு அதிகம் உதவியவரும் அவர்தான். மற்றவர்கள் "நல்லது", "பரவாயில்லை" என்று எழுதிய இடத்தில் அவர் காரணம் சொல்வார். "ஏ-ய கையில பிடிச்சா வழுக்குது. சி நல்லா இருக்கு, ஆனா நாங்க நிமிஷத்துக்கொரு தடவ கையில மருந்து தேய்க்கிறோம்லா, அந்த ஈரத்தோட தொட்டா கேக்காது. பி-தான் கேட்டீங்களா, கை காயுறதுக்கு முன்னாலயே கேக்குது. கிளவுஸ் போட்டிருந்தாலும் கேக்குது. சொன்ன பேச்சு கேக்குற பிள்ள."

ஈரக் கைக்கும் கையுறைக்கும் இணங்குவதுதான் பதினேழாவது வரி. பி-க்கு ஐந்துக்கு ஐந்து போட்டேன்.

ஒன்பதாவது வரியையும் சொல்லிவிட வேண்டும். கிருமிநீக்கியில் நனைத்த துடைப்புத் தாளை அங்கே எல்லாரும் வைப் என்பார்கள். ஒரு நோயாளியை விட்டு அடுத்தவரிடம் போகுமுன், டேப்லெட்டை வைப்பால் துடைத்தே ஆக வேண்டும். அந்த மருந்து சில சாதனங்களின் மேற்பூச்சைத் தின்றுவிடும். அதனால் ஒவ்வொரு சாதனத்தையும் ஆய்வு மேசையில் வைத்து, ஐந்நூறு தடவை துடைத்துப் பார்த்தேன். மூன்று நாள் ஆயிற்று. பி-யில் ஒரு கீறலும் இல்லை. அதற்கும் ஐந்து. ஐந்நூறு தடவையும் சாதனத்தை அணைத்துவிட்டுத்தான் துடைத்தேன். மின்சாரச் சாதனத்தை ஈரத்தால் துடைக்குமுன் அணைக்க வேண்டும் என்பது நிலக்கீழ்த் தளத்தில் எனக்குப் பழகிப்போன விதி.

ஆறாவது வாரம், திங்கட்கிழமை. என் பரிந்துரை தயாராக இருந்தது. வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தெரிவுக்குழு. செவ்வாய் பிற்பகல், வார்ட் பொறுப்பாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: பதினான்காம் கட்டில், திங்கள் காலை எட்டு மணி மருந்து, அதைக் கொடுத்ததாகப் பதிந்தவர் யார், எத்தனை மணிக்கு என்று தெரிய வேண்டும்.

இதுபோன்ற கேள்விகள் புதியவையல்ல. பதிவைத் திறந்தேன். எட்டு மணி இரண்டு நிமிடத்துக்கு ‘கொடுத்தாயிற்று’ என்ற பொத்தான் அழுத்தப்பட்டிருந்தது, அடுத்து ‘உறுதி’. உள்நுழைந்திருந்தவர் ஜெபமலர். சாதனம் பி. அந்த ஒரு வரியைப் பிரதிசெய்து அனுப்பினேன். கேட்டதைக் கேட்டபடி, ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிட்டேன் என்று எனக்குத் திருப்தியாகவும் இருந்தது.

என்ன நடந்தது என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. பதினான்காம் கட்டிலில் இருந்தவர் திரு. ஸ்தாவ்ரோஸ், பார்க்கின்சன் நோயாளி. அந்த நோய்க்கான மருந்து நேரம் தவறக் கூடாது. தவறினால் உடல் விறைத்துவிடும். திங்கள் காலை பதினொரு மணியளவில் அவருடைய மனைவி வந்தபோது, அவரால் கரண்டியைப் பிடிக்க முடியவில்லை, வாய் திறந்து பேச முடியவில்லை. மருந்து கொடுக்கப்படவில்லை என்பது மாத்திரையை எண்ணிப் பார்த்தபோது தெரிந்தது. ஆனால் கொடுத்ததாகப் பதிவு இருந்தது. கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாக எழுதுவது தாதித் தொழிலில் மிகப் பெரிய குற்றம். ஜெபா தான் அழுத்தவில்லை என்றார். நான் அனுப்பிய வரி, அழுத்தினார் என்றது. வியாழன் பத்து மணிக்கு விசாரணை. பொய்ப்பதிவு என்று முடிவானால் வேலை போகும். வேலையோடு விசாவும் போகும். அவருடைய கணவரும் ஐந்து வயது மகளும் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

இதையெல்லாம் நான் ரூத்திடம் சொன்னேன். ஜெபா நல்லவர், ஏதோ பதற்றத்தில் அழுத்தியிருப்பார் என்றேன். ரூத் நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"நல்லவரா என்பது நம் வேலை இல்லை. யாருடைய கை?"

"ஜெபாவின் கை. பதிவில் இருக்கிறது."

"பதிவில் இருப்பது ஜெபாவின் பெயர். எந்தக் கை?"

எனக்குத் தெரியவில்லை.

"அந்தக் கையில் வேறென்ன இருந்தது?"

அதுவும் தெரியவில்லை.

"அப்படியென்றால் நீ பொறுப்பாளருக்கு அனுப்பியது என்ன?"

கடுமையாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

ஜெபாவைத் தேடி வார்ட்டுக்குப் போனேன். மருந்து கொடுக்கும் வேலையிலிருந்து அவரை நிறுத்தியிருந்தார்கள். துணி அலுமாரிக்கு முன்னால் நின்று படுக்கை விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ன மேடம், இன்னும் ஏதாவது லாக், ரெக்கார்டுன்னு எடுக்கணுமா? இந்த பெட்ஷீட்டுக்கும் லாக் உண்டுமா?" என்றார்.

"ஜெபா, நான் கேட்ட வரியை மட்டும்தான் குடுத்தனான். என்னத்துக்கு எண்டு தெரியாது."

"தெரியாதுன்னா கேக்கணும்லா? ஒரு போன் போட்டா ஆகாதா? உங்க ஒரு வரில என் பிள்ள ஸ்கூலு, வீட்டு வாடகை, எல்லாம் தொங்குது."

"ஓம். பிழை என்ரைதான்."

அவர் விரிப்பை இரண்டு தடவை மடித்தார். "இப்ப எதுக்கு வந்திருக்கீங்க?"

"ரூத் கூப்பிடுறா. திங்கள் காலமை செய்ததை நீங்கள் திருப்பிச் செய்து காட்டோணும். கதைக்க வேண்டாம். செய்து காட்டினால் காணும்."

வெற்று அறை ஒன்றை ரூத் ஏற்கெனவே தயார்செய்திருந்தார். கட்டில், பக்கத்து அலுமாரி, பூட்டிய மருந்து இழுப்பறை, சுவரில் கைக்கான கிருமிநீக்கி, வைப் பொதி. திங்கட்கிழமை இருந்த அதே இடங்களில் எல்லாம் இருக்கின்றனவா என்று ஜெபாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். ஜெபா வைப் பொதியை மட்டும் வலப்பக்கத்திலிருந்து எடுத்துக் கட்டிலின் காலடிக்கு மாற்றி வைத்தார். கட்டிலில் படுக்க ஆள் வேண்டும் என்றார் ரூத். நான் காலணியைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தேன். பி-யில் பயிற்சிக்கான போலி நோயாளி ஒருவரின் பதிவைத் திறந்து கொடுத்தார்.

"எட்டு மணி. கதவிலிருந்து தொடங்குங்கள். அவசரப்படவும் வேண்டாம், மெதுவாகச் செய்யவும் வேண்டாம். எனக்கு விளக்கம் சொல்ல வேண்டாம்."

ஜெபா உள்ளே வந்தார். கைகளில் கிருமிநீக்கியைத் தேய்த்தார். என் பெயரையும் பிறந்த திகதியையும் கேட்டார், திரு. ஸ்தாவ்ரோஸின் பிறந்த திகதி எனக்குத் தெரியாததால் என்னுடையதையே சொன்னேன். டேப்லெட்டை இடது முழங்கையில் சாய்த்து, பதிவைத் திறந்தார். இழுப்பறையைத் திறந்து பார்த்தார், மருந்து இல்லை. "திங்கக்கிழம இங்க ஸ்டாக் தீந்து போச்சு. மருந்து ரூமுக்குப் போய் எடுக்கணும்" என்று தொடங்கி, விளக்கம் வேண்டாம் என்றது நினைவுக்கு வந்து, நிறுத்திக்கொண்டார். இழுப்பறையைப் பூட்டினார். கட்டிலின் காலடிக்குப் போனார். பொதியிலிருந்து ஒரு வைப்பை வலது கையால் இழுத்தார். டேப்லெட்டைத் துடைத்தார். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், மூலைகளில் இரண்டு தடவை, தொற்றுத் தடுப்பு வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே. கதவை நோக்கித் திரும்பினார்.

"நில்லுங்கள்" என்றார் ரூத். "டேப்லெட்டைக் காட்டுங்கள்."

மருந்தின் பக்கத்தில் பச்சைக் குறி. கொடுத்தாயிற்று. நேரம், பெயர், எல்லாம் இருந்தன.

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். ‘கொடுத்தாயிற்று’ என்ற பொத்தான் திரையின் வலது கீழ் மூலையில். அதை அழுத்தினால், ‘உறுதி’ என்ற பொத்தான் அதே மூலையில், அதே இடத்தில் தோன்றும். மூலையை இரண்டு தடவை துடைத்தால் இரண்டும் ஆயிற்று. ஈரமான விரலுக்குக் கேட்கும் திரை, ஈரமான தாளுக்கும் கேட்டது. என் தாளில் ஒன்பதாவது வரியும் பதினேழாவது வரியும் எட்டு வரி இடைவெளியில் தனித்தனியே இருந்தன. ஜெபாவின் வலது கையில் அவை ஒன்றாயின.

ஜெபா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "சொன்ன பேச்சு கேக்குற பிள்ளன்னு சொன்னேனே."

ரூத் என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். சொன்னேன். அப்போதும் அவர் சிரிக்கவில்லை; ஜெபாவிடம் அடுத்த கேள்வியைக் கேட்டார். திரும்பி வந்தபோது மருந்து ஏன் கொடுபடவில்லை?

ஜெபா அதை மறைக்கவில்லை. மருந்தறைக்குப் போகும் வழியில் இன்னொரு நோயாளி குளியலறையில் வழுக்கிவிட்டார். அவரைப் பார்த்துவிட்டு வர இருபது நிமிடம். வந்து பட்டியலைத் திறந்தால், பதினான்காம் கட்டிலின் மருந்து கொடுக்க வேண்டியவற்றில் இல்லை. அந்த வார்ட்டில் ஒருவர் மாட்டிக்கொண்டால் மற்றவர் அவருடைய மருந்தைக் கொடுத்துவிடுவது வழக்கம். "என்கூட டூட்டில இருந்த மேகன் குடுத்துட்டா போலன்னு நெனச்சேன். யாரு குடுத்தான்னு உள்ள போய்ப் பாத்திருக்கணும். பாக்கல. அது என் தப்புதான்." ரூத் அதையும் குறிப்பேட்டில் எழுதினார். எழுதி முடித்து, "தெளிவாகச் சொன்னதற்கு நன்றி" என்றார்.

அதன் பிறகுதான் நான் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். பரீட்சார்த்தத்துக்காக ஒவ்வொரு சாதனத்திலும், திரை எங்கெங்கே தொடப்படுகிறது என்பதைப் பதியும் ஒரு மென்பொருளை நானே போட்டிருந்தேன். ஒருவரும் கேட்காததால் திறந்து பார்க்கவில்லை. திங்கட்கிழமை எட்டு மணி இரண்டு நிமிடம்: நான்கு விநாடிக்குள் முப்பத்தொரு தொடுகை, மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக. மனிதக் கையில் அத்தனை விரல்கள் இல்லை.

மாலையில் விசாரணைக்கான அறிக்கையை எழுதினேன். ‘பரீட்சார்த்தக் காலத்தில் சாதனத்தின் உணர்திறன் காரணமாக எதிர்பாராத பதிவு ஒன்று ஏற்பட்டிருக்கக்கூடும் என்று அறியப்படுகிறது’ என்று தொடங்கியது அது. நல்ல நடை என்று நினைத்தேன். ரூத் முதல் வரியிலேயே பேனாவை வைத்தார்.

"யாருடைய கை?" என்று கேட்டார்.

தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனேன். அந்த இரவல் வாக்கியத்தை வெட்டிவிட்டு எழுதினேன்: இந்தச் சாதனத்தை முதலிடத்துக்குப் பரிந்துரைத்தவள் நான். துடைப்பதை அணைத்த நிலையில் மட்டும் சோதித்தேன். திறந்த நிலையில் துடைத்துப் பார்க்கவில்லை. பொறுப்பாளருக்கு அனுப்பிய பதிவில் ஒரு வரியை மட்டும் கொடுத்தேன். முழுவதையும் கொடுத்திருந்தால் தாதி அழுத்தவில்லை என்பது அன்றே தெரிந்திருக்கும். வாக்கியத்துக்கு வாக்கியம் செய்தவள் ‘நான்’ என்று வருவது, அன்றுவரை என் எழுத்தில் இல்லாத ஒன்று. ரூத் வாசித்தார். ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்திவிட்டு, "போதும்" என்றார். பிறகு என் பட்டியலை எடுத்துப் பதினேழாவது வரியை என்னையே வெட்டச் சொன்னார். வெட்டி, பூச்சியம் போட்டேன். பக்கத்தில் அவர் எழுதியதுதான் ஷாலினி கண்ட குறிப்பு.

வியாழன் ஒன்பது மணிக்குத் தெரிவுக்குழுவில் என் பரிந்துரையை நானே திரும்பப் பெற்றேன். பத்து மணிக்கு விசாரணை அறைக்கு ரூத் ஒரு டேப்லெட்டையும் ஒரு வைப் பொதியையும் கொண்டுவந்தார். பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வைப் பொதியை என்னிடம் நீட்டி, "நீ துடை" என்றார். வழக்கம்போலச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். மூன்று தடவை துடைத்தேன். மூன்று தடவையும் பச்சை. வார்ட் பொறுப்பாளர் டேப்லெட்டை வாங்கி, தானும் ஒரு தடவை துடைத்துப் பார்த்தார். பிறகு ஜெபாவிடம் மன்னிப்புக் கேட்டார். யார் கொடுத்தது என்று திறந்து பார்க்கத் தவறியது ஒரு சிறு அறிவுறுத்தலோடு முடிந்தது.

திரு. ஸ்தாவ்ரோஸிடமும் போனோம். அதற்குள் அவருக்குப் பேச்சு திரும்பியிருந்தது. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "மருந்து வரவில்லை என்று அன்று காலையிலேயே நான் சொன்னேன். ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை" என்றார். ரூத் அவர் முன்னாலேயே குறிப்பேட்டைத் திறந்து எழுதிக்கொண்டார்.

கடைசியில் பி-யைத்தான் வாங்கினோம் என்றால் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். ஈரக் கைக்கு இணங்காத திரையோடு ஒரு தாதியால் வேலை செய்ய முடியாது என்பதும் உண்மைதானே. ஆனால் ‘உறுதி’ எதிர் மூலைக்குப் போயிற்று. சாதனத்தின் பக்கவாட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் திரை இருபது விநாடிக்கு இருண்டு, எதற்கும் இணங்காமல் இருக்கும். அதைச் சோதிக்க ஜெபாவையே அழைத்தார் ரூத். ஜெபா முழு மூச்சாக அரை மணி நேரம், ஏழெட்டு வைப் முடியுமட்டும் துடைத்தார். "தோசக்கல்ல தேய்க்கிற மாதிரி தேச்சிட்டேன். ஒண்ணும் ஆகல. வாங்கலாம்" என்றார். குழுவின் தீர்மானத்தில் அதை வேறு சொற்களில் எழுதினேன். அதன்பின் நாங்கள் தேர்ந்த எல்லாச் சாதனங்களும், ஜெபாவின் கைபட்ட பிறகே குழுவுக்குப் போயின.

ரூத் நான்கு வருடத்துக்கு முன் மெல்பேர்ன் பக்கம் கிரான்பர்னில் வீடு எடுத்துப் போய்விட்டார்; அங்கே இன்னொரு மருத்துவமனையில் சுவரோரம் நிற்கிறார் என்று நினைக்கிறேன். விலகுவதைச் சொல்ல அழைத்தேன். "பட்டியலை யாரிடம் கொடுக்கிறாய்?" என்று மட்டும் கேட்டார்.

கடைசி நாள் காலை, என் பெயரில் இருந்த டேப்லெட்டை வார்ட்டில் ஒப்படைக்கப் போனேன். ஜெபா இப்போது அங்கே மூத்த தாதி. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினேன்; திரை இருண்டது. துடைத்து நீட்டினேன். அவர் வாங்கி வைத்துவிட்டு, இடுப்பில் கையூன்றிக்கொண்டு நின்றார்.

"யாரு கை?"

"என்ரை."

"எந்தக் கை?"

"வலது."

"அந்தக் கையில வேற என்ன இருக்கு?"

"ஒண்டும் இல்லை."

"அப்ப பிடிங்க." ஒரு பழைய தயிர் டப்பாவை என் கையில் வைத்தார். உள்ளே முந்திரிக்கொத்து, நாகர்கோவில் முறைப்படி அவரே செய்த பலகாரம். ரயிலில்தான் மூடியைக் கவனித்தேன். வார்ட்டில் மருந்துக்கு ஒட்டும் வெள்ளை ஒட்டுத்தாளை ஒட்டி, பேனாவால் எழுதியிருந்தார்: ‘நேரம் 8.02. கொடுத்தாயிற்று. நான்தான் கொடுத்தது. ஜெபமலர்.’ கீழே கையொப்பம்.